கடைக்காலில் கிடைத்த பானை யாருடையது?

(கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

சில மாதங்களுக்கு முன் நம் ஜில்லாவில் ஒரு மனைப்பிரிவில் வீடு கட்டக் கடைக்கால் தோண்டினார்கள். நாலடி ஆழம் போனதும் மண்வெட்டியில் ஒரு பானை தட்டுப்பட்டது. வெளியே சிவப்பு, உள்ளே கருப்பு. பக்கத்திலேயே இன்னும் இரண்டு, உடைந்த நிலையில். தோண்டிய தோழர் மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினார். மேஸ்திரி காண்ட்ராக்டருக்குப் போன் செய்தார். பதில் உடனே வந்தது: "மூடு. வெளியே பேச்சு போனால் நாளைக்கு எவனுக்கும் வேலை இல்லை." மதியச் சாப்பாட்டுக்குள் ஜல்லியும் சிமெண்டும் அதன்மேல் விழுந்துவிட்டன.

அன்று இரவு அந்தத் தோழர் நம்மிடம் வந்தார். "ஏன் தோழர், நான் பண்ணது தப்பா?" என்று கேட்டார்.

தப்பு என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. தினக்கூலிக்கு நிற்கிறவன், வாரச் சீட்டுக் கட்ட வேண்டியவன், காண்ட்ராக்டரை எதிர்த்துத் தனியாக என்ன செய்ய முடியும்? ஆனால் அவர் கேட்ட கேள்வி நம்மை விடவில்லை. மனசில் உறுத்தியதால்தானே ஒரு மனிதன் ராத்திரி நேரத்தில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து கேட்டான்? அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

கூலி உயர்வு இருக்கிறது, காண்ட்ராக்ட் முறை இருக்கிறது, வீட்டுமனைப் பட்டா இருக்கிறது. இவ்வளவையும் விட்டுப் பானை ஓட்டைப் பற்றிப் பேசவா கூட்டம் போட்டீர்கள் என்று சில தோழர்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். கூலியும் பட்டாவும் இதற்குள்ளேயே வரும்.

முதலில் நாம் நிற்கிற மண் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வோம். பூண்டி ஏரிக்குப் பக்கத்தில் அதிரம்பாக்கம் என்று ஒரு சிற்றூர். 1863-ம் வருஷம் செப்டம்பர் மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்காரர், கிங் என்ற இன்னொருவருடன் அங்கே வந்தார். இருவரும் நிலவியல் துறை உத்தியோகஸ்தர்கள். ஓடையில் கிடந்த கற்களைப் பொறுக்கிப் பார்த்தார்கள். அவை தாமாக உடைந்த கற்கள் அல்ல, மனிதக் கை தட்டிச் செதுக்கிய கோடரிகள் என்று கண்டார்கள். அதற்கு நாலு மாதம் முன்புதான் பல்லாவரத்தில் ஃபூட் இதேபோல் ஒரு கல்லை எடுத்திருந்தார். இந்திய நாட்டில் ஆதி மனிதனின் ஆயுதங்களைப் பற்றிய விஞ்ஞானம் அந்த இரண்டு இடத்திலிருந்துதான் கிளம்பியது.

நம் காலத்தில் சாந்தி பப்பு என்ற பெண் ஆராய்ச்சியாளரும் குமார் அகிலேஷும் 1999 முதல் அதே அதிரம்பாக்கத்தில் பல வருஷம் தோண்டினார்கள். ஒன்பது மீட்டர் ஆழம் வரைக்கும் போனார்கள். நம் கணக்கில் முப்பதடி, ஒரு கிணறு. அடுக்கடுக்காகக் கல் ஆயுதங்கள் வந்தன; விலங்குகளின் பற்கள் கூட வந்தன. அடி அடுக்கில் கிடைத்தவற்றின் வயது சுமார் 15 லட்சம் வருஷம் என்று 2011-ல் அறிவித்தார்கள். மேலே உள்ள ஒரு அடுக்கில் தொழில்நுணுக்கம் மாறுகிறது: பெரிய கோடரி போய், சிறிய, நேர்த்தியான கருவிகள் வருகின்றன. அந்த மாற்றம் சுமார் 3 லட்சத்து 85 ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018-ல் சொன்னார்கள். உலகம் முழுவதும் உள்ள விஞ்ஞானிகள் நிமிர்ந்து பார்த்த செய்தி இது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பூண்டியில் வலை போடுகிற நம் தோழருக்கே தெரியாது.

மனிதனை மனிதனாக்கியது உழைப்பு என்று எங்கல்ஸ் 1876-ல் ஒரு கட்டுரை எழுதினார். கை வேலை செய்தது. வேலை கையைத் திருத்தியது. கை மூளையை வளர்த்தது. இதை நாம் வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தக் கை தட்டிய கல் பெர்லினிலோ மாஸ்கோவிலோ தேட வேண்டியதில்லை. இங்கிருந்து பஸ் ஏறினால் போய்ப் பார்க்கலாம்.

அதிரம்பாக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். திருவள்ளூருக்கு மேற்கே, திருப்பதி ரோட்டில் பட்டறைப்பெரும்புதூர். அங்கே ஆனைமேடு, நத்தமேடு, இருளந்தோப்பு என்று மூன்று இடம். மாநிலத் தொல்லியல் துறை அங்கே 2015-16-ல் தோண்டியது. 2023-ல் மூன்றாவது தடவையாகவும் தோண்டியது. கல் ஆயுதம் முதல், தமிழ் எழுத்துக் கீறிய பானை ஓடு வரை வந்தது. ரோமாபுரியோடு நடந்த வியாபாரத்தின் தடயமும் வந்தது. சுட்ட மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிய உறைகிணறும் வந்தது. உறைகிணறு என்றால் உங்களுக்கு விளக்கம் வேண்டாம். மணல் சரியாமல் உறை இறக்குகிற வேலை எவ்வளவு சிரமம் என்று இங்கே உட்கார்ந்திருக்கிற பெரியவர்களுக்குத் தெரியும். அந்த வேலையை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் நம் ஊர்க்காரன் செய்திருக்கிறான்.

இந்த இடப் பெயர்களைக் கவனியுங்கள். ஆனைமேடு, நத்தமேடு, தோப்பு! கோயில் இல்லை, கோட்டை இல்லை. வெறும் மேடு. விஷயமே இங்குதான் இருக்கிறது.

எஜமானர்கள் கல்லில் கட்டி வைத்துவிட்டுப் போவார்கள். உழைத்தவன் மண்ணில் விட்டுவிட்டுப் போவான். பழவேற்காட்டுக்குப் போயிருப்பீர்கள். டச்சுக்காரர்கள் 1613-ல் அங்கே கோட்டை கட்டினார்கள். அவர்களுடைய கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. மண்டை ஓடும் எலும்பும் செதுக்கிய கல்பலகைகள். யார், எந்தக் கப்பல், எந்த உத்தியோகம் என்று எழுதி வைத்திருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறை சுற்றுச் சுவர் போட்டுப் பாதுகாக்கிறது. பாதுகாக்கட்டும், நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதே பழவேற்காட்டிலிருந்து அதே டச்சுக் கம்பெனி 17-ம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான நம் ஜனங்களை அடிமைகளாகக் கப்பலேற்றி பத்தாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு அனுப்பியது. பஞ்சம் வந்த வருஷங்களில் அந்த வியாபாரம் அமோகமாக நடந்தது. அந்த ஜனங்களுக்குக் கல்லறை எங்கே? பெயர்ப் பலகை எங்கே? அவர்கள் வாழ்ந்த குடிசைத் தரை, சமைத்த சட்டி, அடுப்புச் சாம்பல், அவ்வளவுதான் மிச்சம். அதுவும் மண்ணுக்குக் கீழே. அந்த மண்ணை ஒருவரும் பார்க்காமல் ஜே.சி.பி. இயந்திரம் வாரிப் போட்டுவிட்டால், அவர்கள் இருந்தார்கள் என்பதற்கே சாட்சி கிடையாது.

வெள்ளைக்காரன் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவன். 1850-களில் லாகூருக்கும் முல்தானுக்கும் ரயில் பாதை போட்ட காண்ட்ராக்டர்கள், பக்கத்தில் ஹரப்பா என்ற மேட்டில் இருந்த செங்கல்லை வண்டி வண்டியாக வெட்டி எடுத்துத் தண்டவாளத்துக்கு அடியில் கொட்டினார்கள். நாலாயிரம் வருஷத்துப் பட்டணம் ஜல்லியாகப் போயிற்று. அது என்ன பட்டணம் என்று உலகத்துக்குத் தெரிந்தது 1920-களில்தான். எடுத்த லாபம் கம்பெனிக்கு. போன சரித்திரம் நமக்கு.

இன்று நம் ஜில்லாவில் நடப்பது வேறா? மனை நிரப்ப ஏரியில் சவுடு எடுக்கிறார்கள். மேட்டில் செம்மண் கிராவல் வெட்டுகிறார்கள். இந்தச் செம்மண் கிராவல் அடுக்கில்தான் ஆதி மனிதனின் கல் ஆயுதங்கள் கலந்து கிடக்கின்றன. பூண்டிப் பக்கத்து மேட்டை வெட்டி லாரியில் ஏற்றினால், லட்சம் வருஷத்துக் கோடரி யாரோ ஒருவர் வீட்டுக் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் போய்ச் சேரும். ஆகவே வீடு கட்டுகிற இடத்தை மட்டும் பார்த்தால் போதாது. மண் எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1958-ம் வருஷத்து மத்தியச் சட்டம் இருக்கிறது. 1966-ம் வருஷத்து மாநிலச் சட்டமும் இருக்கிறது. அந்தச் சட்டங்கள் எதைப் பாதுகாக்கின்றன? சர்க்கார் பட்டியலில் ஏற்றி அறிவித்த இடத்தை. அறிவிக்காத இடத்தில் கடைக்கால் போடுகிறவன் எவரையும் கேட்க வேண்டியதில்லை. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கட்டிடங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும் என்று 2006-ல் ஒரு விதி வந்தது. அதற்கான படிவத்தில் பக்கத்தில் தொல்பொருள் இடம் ஏதாவது உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. பதில் எழுதுகிறவன் யார்? கட்டிடம் கட்டுகிற கம்பெனியே! பூனையிடமே பால் கணக்குக் கேட்கிற கதை.

1878-ல் வெள்ளைக்காரன் போட்ட புதையல் சட்டம் ஒன்றும் இருக்கிறது. இதை மட்டும் ஒவ்வொரு மண்வெட்டித் தோழரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மண்ணுக்குள் மறைந்து கிடந்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால், கண்டெடுத்தவன் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் மறைத்தால் ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். முறைப்படி தெரிவித்து, அது உரிமையாளர் இல்லாத பொருள் என்று தீர்ந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத இடத்தில் முக்கால் பங்கு கண்டெடுத்தவனுக்கு. கால் பங்கு நிலத்துக்காரனுக்கு. சர்க்காரே எடுத்துக்கொள்வதாக இருந்தால் விலை கொடுக்க வேண்டும். ஆகையால் "மூடு" என்று சொல்கிற காண்ட்ராக்டர் உங்களைத்தான் ஆபத்தில் மாட்டிவிடுகிறான். ஆனால் இந்தச் சட்டத்தின் புத்தியைப் பாருங்கள்! பொன்னுக்கும் வெள்ளிக்கும் விலை தெரியும். 10 ரூபாய் பெறாத பானை ஓட்டுக்கு அதில் ஒரு வரி இல்லை. சரித்திரம் ஓட்டில்தான் இருக்கிறது.

மற்ற நாடுகளில் எப்படி? இங்கிலாந்து ஒன்றும் சோஷலிஸ்டு நாடு அல்ல, பணக்காரன் ராஜ்யம்தான். அங்கே லண்டனில் 1989-ல் ஆபீஸ் கட்டிடம் ஒன்றுக்காக மண்ணைத் தோண்டியபோது 1587-ம் வருஷத்து நாடகக் கொட்டகை ஒன்றின் அடித்தளம் வெளிப்பட்டது. ரோஸ் என்று அதற்குப் பெயர். நடிகர்களும் பொதுமக்களும் திரண்டு வந்து மறித்தார்கள். கட்டிடத் திட்டத்தை மாற்றி, அடித்தளத்தைக் கீழே பத்திரமாக வைக்க வேண்டியதாயிற்று. மறு வருஷம் சர்க்கார் ஒரு நெறிமுறை வெளியிட்டது. பழமை இருக்கக்கூடிய இடத்தில் கட்டிட அனுமதி தரும்போதே, முன்கூட்டிச் சோதிக்க வேண்டும், கடைக்கால் தோண்டும்போது தொல்லியல் தெரிந்தவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று ஸ்தல ஸ்தாபனம் நிபந்தனை போடலாம். செலவு கட்டுகிறவனுடையது. பிரான்சில் 2001-ல் இதற்கென்று தனிச் சட்டமே வந்தது.

இங்கிலாந்தில் இப்போது பழைய மதுக்கடை இருந்த மனையில் நாலைந்து வீடு கட்டுவதென்றால்கூட இந்த நிபந்தனை விழுவது உண்டு. சாராயக் கடைக்குமா சரித்திரம் என்று சிரிக்கிறீர்கள். லண்டன் செருப்புத் தொழிலாளி தாமஸ் ஹார்டி, தொழிலாளிக்கும் ஓட்டு வேண்டும் என்ற சங்கத்தை 1792 ஜனவரியில் தொடங்கியது பெல் என்ற மதுக்கடையில். 1847 கடைசியில் கம்யூனிஸ்டு லீகின் இரண்டாவது காங்கிரஸ் கூடியதும் லண்டனில் ரெட் லயன் என்ற மதுக்கடையின் மாடியில்தான். கம்யூனிஸ்டு அறிக்கையை எழுதும் பொறுப்பு மார்க்சுக்கும் எங்கல்சுக்கும் அங்கேதான் கொடுக்கப்பட்டது. தொழிலாளிக்கு மாளிகையில் இடம் யார் கொடுத்தான்? கூடுகிற இடத்தில் கூடினான். அவன் உடைத்த குவளையும் புகைத்த மண் சுங்கானும் அந்த மண்ணில் கிடக்கின்றன. நாம் குடியை ஆதரிக்கவில்லை. அதையும் இதோடு சேர்த்துச் சொல்லி வைக்கிறோம், நாளைக்கு வேறுவிதமாகக் கிளப்பிவிடப் போகிறார்கள்!

இங்கிலாந்து முறையிலும் கோளாறு இருக்கிறது. கட்டுகிறவன் பணம் கொடுப்பதால், குறைந்த டெண்டர் போடுகிற கம்பெனிக்குப் போகிறது வேலை. மண்ணைப் பார்க்கிற படித்த பிள்ளைகளும் காண்ட்ராக்ட் கூலிகளாகிவிட்டார்கள். அதனால் நமக்கு வேண்டியது வேறு மாதிரி. பணம் கட்டுகிறவன் கொடுக்கட்டும். ஆள் சர்க்கார் ஆளாக இருக்கட்டும். இது நடக்காத காரியமா? கட்டிடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் கட்டிடத் தொழிலாளர் நலனுக்காக வசூலிக்கிறார்களே! 1996-ல் சட்டம் வந்தபோது இதையும் நடக்காது என்றுதான் சொன்னார்கள். அதே மாதிரி, பெரிய மனைப்பிரிவு போடுகிறவனிடமும் தொழிற்பேட்டை போடுகிறவனிடமும் சிறு தொகை வாங்கித் தாலூகாவுக்கு ஒரு தொல்லியல் அலுவலரை வைத்தால் என்ன?

இப்போது பட்டா விஷயத்துக்கு வருகிறோம். இதை மழுப்பக் கூடாது. சரித்திரத்தைக் காப்பாற்றுகிறேன் என்று ஏழையின் கூரையைப் பிடுங்குகிற ஆபத்தும் இருக்கிறது. 1958-ம் வருஷச் சட்டத்தை 2010-ல் திருத்தினார்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டிடமே கூடாது; அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். பல்லாவரத்தில் பழைய ஈமச் சின்னங்கள் இருக்கிற பகுதியில், பத்து இருபது வருஷம் சேமித்து இரண்டு சென்ட் வாங்கியவன் ஒரு அறை கட்ட முடியாமல் அலைந்தான். அதே பல்லாவரம் வட்டாரத்தில் மலைகளை வெட்டிக் கல்குவாரிக்காரர்கள் வருஷக் கணக்கில் ஜல்லியாக்கினார்களே! நம் ஜில்லாவில் இருளர் குடும்பங்கள் எத்தனை தலைமுறையாக ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் பட்டா இல்லாமல் கிடக்கின்றன! நாளைக்கு அவர்களிடம் போய், "இது சரித்திர பூமி, காலி பண்ணு" என்று எவனாவது சொன்னால் நாம் முன்னால் நின்று தடுப்போம். அந்தப் பூமியின் சரித்திரமே அவர்கள்தான். இருளந்தோப்பு என்ற பெயரை வேறு யார் வைத்தது?

ஆகவே இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. இருபது ஏக்கர் மனைப்பிரிவுக்கு ஒரு விதி. இரண்டு சென்ட் வீட்டுக்கு வேறு விதி. ஏழை வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது சர்க்கார் ஆள் தன் செலவில் வந்து பார்க்கட்டும், படம் எடுக்கட்டும், அளவு குறிக்கட்டும், இரண்டு நாளில் முடித்துக் கொடுக்கட்டும். வீடு நிற்கக் கூடாது. பெரிய முதலாளி மனையில் முன்கூட்டியே குழி போட்டுச் சோதிக்கட்டும். ஏதாவது தென்பட்டால் வேலை நிற்கட்டும். வேலை நிற்கிற நாளுக்குத் தொழிலாளிக்கு முழுக் கூலி. இதுதான் முக்கியம், தோழர்களே! கூலி போகாது என்று எழுத்தில் உறுதி இருந்தால் எந்தத் தொழிலாளி பானையை மூடுவான்? அந்தத் தோழர் மூடியது பானையின்மேல் வெறுப்பினால் அல்ல, மறுநாள் அடுப்பு எரிய வேண்டும் என்பதற்காக.

மண்ணில் வித்தியாசத்தை முதலில் காண்கிறவன் தொழிலாளிதான். அன்றைய நாகப்பட்டினம் ஜில்லா செம்பியன்கண்டியூரில் 2006-ல் ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டுத் தோட்டத்தில் வாழையும் தென்னையும் வைக்கக் குழி வெட்டினார். மெருகிட்ட கல் கோடரி கிடைத்தது. அதில் சிந்துவெளி எழுத்துப் போன்ற குறிகள் இருப்பதாக ஐராவதம் மகாதேவன் அறிவித்தார். அவருடைய முடிவை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. அது அறிஞர்கள் சண்டை. ஆனால் அந்தக் கல் இன்று அவர்கள் கையில் இருப்பதற்குக் காரணம், ஆசிரியர் அதைத் தூக்கி எறியாமல் தெரிந்தவரிடம் காட்டினார் என்பதுதான். கீழடியிலும் தென்னந்தோப்பு மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டி எடுத்தது அந்த வட்டாரத்துக் கூலிப் பெண்களும் ஆண்களும்தான்.

இனி நடைமுறை வேலை. மேலே சொன்ன கோரிக்கைகளை எழுதி, மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரிகளுக்கும் கலெக்டருக்கும் சங்கத்தின் சார்பில் கொடுக்கிறோம். கையெழுத்து இயக்கம் ஆலை கேட்டிலும் நூறு நாள் வேலை நடக்கிற இடங்களிலும் நடக்கும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து கட்டிட வேலை செய்கிற தோழர்களிடம் ஹிந்தி தெரிந்த நம் பிள்ளைகள் போய்ப் பேச வேண்டும். இன்று முக்கால்வாசிக் கடைக்காலில் நிற்பது அவர்கள்தான். அதுவரை, தோண்டும்போது ஏதாவது தட்டுப்பட்டால் கடப்பாரையைப் போடாதீர்கள். எத்தனை அடி ஆழம், மண் என்ன நிறம் என்று மனசில் வைத்துக்கொண்டு, முடிந்தால் போனில் ஒரு படம் எடுத்துச் சங்கத்துக்குச் சொல்லுங்கள். தனியாகக் காண்ட்ராக்டரிடம் மோத வேண்டாம். எழுதிக் கொடுப்பது சங்கத்தின் பெயரில் போகும். எந்தப் பொருளையும் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், விற்கவும் விற்காதீர்கள்.

இன்னொன்று. பூண்டியில் 1985 முதல் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அதிரம்பாக்கத்துக் கற்களும் அங்கே உண்டு. ஷிப்டு இல்லாத ஒரு நாள் பார்த்துக் குடும்பத்தோடு போக ஏற்பாடு செய்கிறோம். பெயர் கொடுக்கிறவர்கள் கிளைச் செயலாளரிடம் கொடுக்கலாம். பஸ் கட்டணமும் கட்டுச்சோறும் அவரவர் பொறுப்பு. பானையை மூடிய அந்தத் தோழர்தான் முதல் பெயர் கொடுத்திருக்கிறார். மகளையும் கூட்டி வருகிறாராம்.